சான்று தேடிய சான்றோர்

இங்கிலாந்து நாட்டிலே, கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து இலண்டன் மாநகருக்குச் செல்லும் பெருவழியில் வேட்ஸ்மில் என்னும் சிற்றூர் ஒன்று உளது. அவ்வூரை அடுத்துச் சாலையோரத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. போரில் வென்ற மன்னனுக்கோ, பொருள் குவித்த வணிகனுக்கோ நாட்டப்பெற்றதன்று அத்தூண். 1785ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் தம் குதிரையினின்றும் இறங்கி, மனங்கலங்கி, அவ்விடத்தே புல்தரையில் அமர்ந்திருந்தார். அதன் நினைவாகவே 1879இல் அத்தூண் எழுப்பப்பெற்றது. அவ்விளைஞரின் பெயர் தாமஸ் கிளார்க்சன்.

கிளார்க்சன் 1760ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் விஸ்பீச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர், சமயகுருவும் ஆவார். மகனுக்கு ஆறு வயது ஆகும்போதே அவர் காலமானார். இலண்டனில் பள்ளிக் கல்வியை முடித்த கிளார்க்சன், கேம்பிரிட்ஜில் தூய யோவான் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். தந்தையாரைப் போலவே தாமும் சமயத் தொண்டில் புகுதல் வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

அந்நாளில் கேம்பிரிட்ஜில் இலத்தீன் மொழியில் கட்டுரைப் போட்டி நடைபெறுவது வழக்கம். 1785இல் துணைவேந்தராக இருந்த பீட்டர் பெக்கார்டு என்பார், மனிதரை அவர்தம் விருப்பத்திற்கு மாறாக அடிமையாக்குதல் முறையாகுமா என்பதைப் போட்டிக்கு உரிய பொருளாக அறிவித்தார். சிலகாலத்திற்கு முன் நடந்த ஒரு கொடுமை நாட்டினர் சிலருடைய உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1781இல் சாங் என்னும் கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கருள் 130 பேருக்கு மேற்பட்டோரை மாலுமிகள் உயிருடன் கடலில் எறிந்தனர். கப்பலுக்கு உடையவர்களோ, இழந்த சரக்குக்கு ஈடு தருக எனக் காப்பீட்டாரிடம் கேட்டனர். 1783இல் வழக்கு மன்றத்துக்கு வந்தபோது, அது கொலை வழக்காக அன்று, பொருள் வழக்காகவே நடைபெற்றது!

முந்திய ஆண்டில் வேறொரு போட்டியில் பரிசு பெற்றிருந்த கிளார்க்சன், இப்பரிசையும் பெற விரும்பினார். தொடக்கத்தில் அவரை ஊக்கியது புகழாசையே. அடிமை வாணிகத்தில் ஈடுபட்டு இறந்த ஒருவருடைய தாள்களைத் தேடிப் படித்தார். அந்தோணி பெனசெட்டு என்னும் அறிஞர் எழுதிய நூலை இலண்டனுக்குச் சென்று வாங்கி வந்தார். படிக்கப் படிக்கப் பரிசு மறந்தது, துயரமே மிஞ்சியது. இரவில் எழும் எண்ணங்களை உடனே குறித்துக்கொள்வதற்காகப் படுக்கையறையில் விளக்கை அணையாமல் வைத்திருந்தார். எழுதிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. பேரவை மண்டபத்தில் அதனைப் படித்துப் பாராட்டும் பெற்றபின், அவர் குதிரையேறி இலண்டனை நோக்கிப் புறப்பட்டார். தாம் எழுதியவை யாவும் உண்மையாயின், இத்துன்பத்துக்கு யாரேனும் ஒருவர் முடிவு காணவேண்டும் அன்றோ என்னும் எண்ணம் வழியெல்லாம் அவரை வாட்டியது. அவ்வொருவர் தாமாகவே இருக்கலாகாதா என்னும் வினா வேட்ஸ்மில்லின் அருகே பிறந்தது.

அடிமை வாணிகம் என்பது யாது? இங்கிலாந்தின் துறைமுகங்களிலிருந்து துணி, துப்பாக்கி, மதுவகை முதலியவற்றை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும். அவற்றைக் கொடுத்து ஆடவர், பெண்டிர், சிறுவர்களை வாங்கும். அவர்களை விலங்கிட்டு அட்லாண்டிக் கடலைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளில் விற்கும். அங்கிருந்து சருக்கரையை ஏற்றிக்கொண்டு தாயகம் திரும்பும். ஐரோப்பியர் பலரும் பல நூற்றாண்டுகள் நடத்திய இவ்வாணிகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். கிளார்க்சன் காலத்தில் இவ்வாணிகத்தில் முன்னணியில் நின்றவர் ஆங்கிலேயர். பிரிஸ்டல், லிவர்ப்பூல் ஆகிய நகரங்களின் செல்வம் இதனால் வளர்ந்தது. எனினும் இலண்டனில் தேநீரில் சருக்கரை கலந்து பருகிய மக்களுக்கு, கடலில் நிகழ்வது இன்னதெனத் தெரியாது.

1787ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், இலண்டனில் ஓர் அச்சகத்தில் பன்னிருவர் கூடி, அடிமை வாணிகத்தை ஒழிப்பதற்கு ஒரு குழு அமைத்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். கிரான்வில் ஷார்ப்பு என்பவரும் கிளார்க்சனும் அக்குழுவில் இருந்தனர். பாராளுமன்றத்தில் பேசும் பொறுப்பை வில்லியம் வில்பர்போர்ஸ் ஏற்றார். பேசுவதற்குச் சான்று வேண்டுமே! அதனைத் திரட்டும் பணி கிளார்க்சனிடம் வந்தது. சமயகுருவாகும் எண்ணத்தை அவர் கைவிட்டார். இதுவே தம் தொழில் என வரித்துக்கொண்டார்.

அவ்வாண்டுக் கோடைக்காலத்தில் அவர் தனியராய்ப் பிரிஸ்டல் நகரை அடைந்தார். அந்நகரத்தின் மணியோசை காதில் விழுந்தபோது, தாம் எடுத்த செயலின் அருமையை எண்ணி அவர் உள்ளம் நடுங்கியது. அந்நகரில் அடிமைக் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் முறையை அறிய விரும்பினார். மதுக்கடைகளில் மாலுமிகளுக்குக் கடனாகக் குடி கொடுத்து மயக்கி, கடனைத் தீர்க்க இயலாதபோது சிறைக்குச் செல்கிறாயா, கப்பலுக்குச் செல்கிறாயா எனக் கேட்பார்களாம். இதனைக் கேள்வியுற்றதோடு அவர் அமையவில்லை. நேர்மையுள்ள விடுதிக்காரர் ஒருவரைத் துணையாகக்கொண்டு, பல இரவுகள் அக்கடைகளுக்குள் தாமே சென்று நேரிற் கண்டார்.

ஜான் டீன் என்னும் கறுப்பினத்து மாலுமி ஒருவரின் செய்தி அவர் காதுக்கு எட்டியது. ஓர் அற்பக் காரணத்துக்காக அவரைத் தளத்தில் குப்புறக் கட்டி, முதுகில் கொதிக்கும் கீலை ஊற்றிச் சூடான இடுக்கியால் கீறினராம். கேட்டவுடன் நெஞ்சு துடிக்கும் செய்தி; மேடையில் சொன்னால் மக்கள் கண்ணீர் விடுவர். ஆனால் கிளார்க்சன் அதனை அப்படியே எடுத்து எழுதவில்லை. டீன் முன்பு தங்கியிருந்த வீட்டைத் தேடிச் சென்றார். வீட்டுக்காரரை உசாவினார். அந்த முதுகைத் தம் கண்ணாற் கண்டதாக அவர் உறுதி கூறிய பின்னரே அச்செய்தி குறிப்பேட்டில் இடம்பெற்றது. நல்ல நோக்கத்துக்காகத்தானே, சிறிது மிகைப்படுத்தினால் என்ன என்று எண்ணுவோர் எக்காலத்தும் உண்டு. கிளார்க்சனின் எதிரிகளோ செல்வர், பாராளுமன்றத்தில் செல்வாக்குடையவர். நூறு உண்மைகளுக்கிடையே ஒரு பொய்யைக் கண்டால், அவ்வொன்றைக் காட்டியே நூறையும் பொய்யாக்கிவிடுவர். இதனை அவ்விளைஞர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

அடிமை வாணிகம் ஆங்கிலக் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றும் பள்ளி என்பது வணிகர்களின் பெரிய வாதம். இதனை மறுக்கக் கிளார்க்சன் சொற்பொழிவாற்றவில்லை. கப்பல்கள் திரும்பியதும் துறைமுகத்தில் ஒப்படைக்கப்பெறும் மாலுமிகளின் பெயர்ப் பட்டியல்களை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். யார் புறப்பட்டார், யார் திரும்பினார், யார் இறந்தார், யார் வழியில் கைவிடப்பட்டார் என ஒவ்வொரு பெயராகக் குறித்தார். இவ்வாறு அவர் ஆராய்ந்த பெயர்கள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை! அடிமைக் கப்பல்களில் சென்ற மாலுமிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர் என்பது அதனால் வெளிப்பட்டது. பயிற்சிப் பள்ளி எனப்பட்டது இடுகாடாக இருந்தது. இக்கணக்கை எவரும் மறுக்க இயலவில்லை. அது வணிகர்களின் கப்பல்களிலிருந்தே வந்த பட்டியல் அன்றோ?

தாள்கள் பேசின, மனிதர்கள் பேசத் தயங்கினர். கிளார்க்சனைத் தெருவிற் கண்டால் விலகிச் சென்றவர் பலர். தனித்திருக்கும்போது யாவற்றையும் கூறிவிட்டு, பாராளுமன்றத்தின் முன் வருக என அழைத்ததும் மறுத்தவர் பலர். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தனர். வாழ்வு அவ்வணிகர்களின் கையில் இருந்தது. ஆதலின் அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அத்தகைய நாளில்தான் அலெக்சாண்டர் பால்கன்பிரிட்ஜ் என்னும் மருத்துவரை அவர் சந்தித்தார். அடிமைக் கப்பல்களில் நான்கு முறை சென்று, மனம் வெறுத்து அத்தொழிலை விட்டவர் அவர். வெளிப்படையாகச் சான்று கூற இசைவீரோ எனக் கிளார்க்சன் தயங்கித் தயங்கிக் கேட்டார். கொள்கைக்காகவே அத்தொழிலை விட்டதாகவும், அறிந்த அனைத்தையும் கூறுவதாகவும் மருத்துவர் விடையிறுத்தார். பின்னர் லிவர்ப்பூலுக்கும் அவர் துணையாக வந்தார். துணை தேவையாகவே இருந்தது. அந்நகரின் துறைமுக மேடையில் எட்டொன்பது பேர் கிளார்க்சனைச் சூழ்ந்து கடலில் தள்ள முயன்றனர். அவர்களை ஊடறுத்துப் பாய்ந்து அவர் உயிர் தப்பினார்.

லிவர்ப்பூலில் ஒரு கடையின் பலகணியில் சில இரும்புப் பொருள்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, உண்ண மறுக்கும் அடிமைகளின் வாயை வலிந்து திறக்கும் கருவி ஆகியவற்றைக் கிளார்க்சன் விலைகொடுத்து வாங்கினார். இவற்றைப் பார்ப்பவர்க்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இவற்றோடு வேறு பொருள்களையும் அவர் சேர்த்தார். ஆப்பிரிக்க மக்கள் நெய்த துணி, தோல்வேலை, தந்தம், மரவகை, மிளகு, பருத்தி முதலியவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி ஊர்தோறும் கொண்டுசென்று காட்டினார். இத்துணைக் கைத்திறனும் வளமும் உடைய மக்களோடு, மனிதரை வாங்காமலே வாணிகம் செய்யலாம் அல்லவா?

ஏமாற்றமும் நேர்ந்தது. லிவர்ப்பூலில் இராபர்ட் நாரிஸ் என்னும் முன்னாள் கப்பல் தலைவர் கிளார்க்சனிடம் அன்போடு பழகி, அடிமை வாணிகத்தின் தீமைகளைத் தாமே எடுத்துரைத்தார். 1788இல் அரசு விசாரணை தொடங்கியபோது, அதே நாரிஸ் வணிகர்களின் சார்பாக வந்து நின்றார்! அடிமைகள் கப்பலில் ஆடிப் பாடி மகிழ்வர். அவர்தம் அறைகளில் நறும்புகை இடப்படும் என்றார். அவர் சொன்ன ஆட்டம் சவுக்கின் அச்சத்தால் ஆடப்பட்டது என்பதைப் பால்கன்பிரிட்ஜ் முதலியோரின் சான்றுகள் காட்டின. எனினும் தனியிடத்துப் பேச்சு மன்றத்துச் சான்று ஆகாது என்பதைக் கிளார்க்சன் வருந்தியே கற்றார்.

அவ்வாண்டில் பாராளுமன்றம், கப்பலில் ஏற்றும் அடிமைகளின் தொகைக்கு ஓர் அளவு வகுத்துச் சட்டம் செய்தது. புரூக்ஸ் என்னும் லிவர்ப்பூல் கப்பலுக்கு அச்சட்டப்படி 454 பேரை ஏற்ற உரிமை உண்டு. 1789இல் இலண்டன் குழுவினர் அக்கப்பலின் அடித்தளப் படத்தை அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். ஓர் ஆடவனுக்கு நீளம் ஆறடி, அகலம் பதினாறு அங்குலம் என அளந்து, ஒருவரையொருவர் நெருக்கிப் படுத்திருக்கும் மக்களின் உருவங்கள் அதில் வரையப்பெற்றிருந்தன. சட்டம் வருவதற்கு முன் அதே கப்பல் ஒரு பயணத்தில் 600 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றதுண்டு. அத்தொகையைக் குழுவினர் அறிவர். ஆயினும் சட்டம் இசைந்த அளவை ஒட்டியே படம் வரைந்தனர். அதுவே பார்த்தவரைத் திடுக்கிடச் செய்யப் போதியதாயிற்று. பாரிசு நகரிலே மிராபோ என்னும் தலைவர் அக்கப்பலின் மரவுருவம் ஒன்றையே செய்வித்தார்.

கிளார்க்சனின் விடாமுயற்சிக்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஆப்பிரிக்கர் எவ்வாறு அடிமைகளாகப் பிடிக்கப்படுகின்றனர் என்பதே விசாரணையில் தெளிவாகாத செய்தியாக இருந்தது. ஆயுதந்தாங்கிய படகுகளில் ஆற்றின் உட்பகுதிக்குச் சென்று ஊர்மக்களைக் கவர்ந்ததை நேரில் கண்ட மாலுமி ஒருவன் உண்டு என நண்பர் ஒருவர் கூறினார். அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஏதோ ஒரு போர்க்கப்பலில் இருப்பான் என்பது மட்டுமே தெரியும். கிளார்க்சன் கடற்படைத் துறையின் இசைவு பெற்று, துறைமுகம் துறைமுகமாகச் சென்று, நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஏறித் தேடினார். இறுதியாகப் பிளிமத் துறைமுகத்தில் மெலாம்பஸ் என்னும் கப்பலில் அம்மாலுமியைக் கண்டார். ஐசக் பார்க்கர் என்பது அவர் பெயர். அவர் பாராளுமன்றக் குழுவின்முன் வந்து, கலபார் ஆற்றில் தாம் கண்டதைச் சொன்னார். குடிசைகளுக்குள் இரவில் புகுந்து குடும்பங்களைப் பற்றிச்சென்ற செய்தி அவ்வாறு நாட்டின் ஆவணத்தில் ஏறியது.

அம்முயற்சியில் ஒரு குறையும் இருந்தது. அக்குழுவின்முன் பேசியோர் மாலுமிகளும், மருத்துவர்களும், படைவீரர்களுமே. விலங்கைத் தாமே சுமந்த ஆப்பிரிக்கரை அழைத்துக் கேட்கும் எண்ணம் பாராளுமன்றத்தார்க்குத் தோன்றவில்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாவுடா ஈக்வியானோ தம் வரலாற்றை 1789இல் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். கிளார்க்சன் அவருக்குக் கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு அறிமுகக் கடிதம் தந்து உதவினார்.

1791இல் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 163 வாக்குகளுக்கு எதிராக 88 வாக்குகளே பெற்றுத் தோல்வியுற்றது. அதனினும் கிளார்க்சனை வருத்தியது வேறொன்று. தம் சொல்லை நம்பிச் சான்று கூறியவர்கள் வேலை இழந்தனர். வணிகர்களின் பகைக்கு ஆளாயினர். அவர்கள் கிளார்க்சனிடம் வந்து முறையிட்டனர். என்னால் ஆவது யாது என்று அவர் கைவிரித்துவிடவில்லை. அவர்களை மன்றத்திற்கு அழைத்தவர் தாமே என்பதை மறவாது, தம் பொருளைக் கொடுத்து உதவினார். பொருளும் ஒருநாள் தீருமே! ஒருகால் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் விட்பிரெட்டு என்பவரிடம் பேசிக்கொண்டிருக்கையில் இத்துயரம் தற்செயலாக வெளிப்பட்டது. சான்று கூறியதால் இனி எவர்க்கு இழப்பு நேரினும் தாம் ஈடுசெய்வதாக அப்பெருந்தகை ஏற்று, சொன்னவாறே பெரும்பொருள் செலவிட்டார். அவ்வள்ளல் ஆற்றிய உரைகளை மறந்துவிட்டாலும், இச்செயலை மறத்தல் இயலாது.

பிறர் துன்பத்தை நாள்தோறும் கேட்டு எழுதுபவரின் உள்ளமும் தேயும். ஏழாண்டுகள் ஓயாது அலைந்த கிளார்க்சனின் உடல் 1794இல் முற்றும் தளர்ந்தது. நினைவாற்றல் குன்றியது, குரல் எழவில்லை, திடீரென மயக்கமும் வந்தது. கைப்பொருளில் பெரும்பகுதி செலவாகியிருந்தது. நண்பர்கள் பொருள் திரட்டி உதவினர். அவர் வடபகுதியில் ஏரிகள் சூழ்ந்த நாட்டுப்புறத்திற்குச் சென்று, உழவராய்ச் சிலகாலம் வாழ்ந்தார்.

உடல் தேறியதும் அவர் மீண்டும் புறப்பட்டார். 1807ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், பிரிட்டானியப் பேரரசில் அடிமை வாணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் அரசரின் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டில் கிளார்க்சன் அப்போராட்ட வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதினார். ஆனால் வாணிகம் நின்றதேயன்றி அடிமைமுறை நிற்கவில்லை. 1823இல் அறுபத்து மூன்று வயதில் மறுபடியும் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். 1833இல் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. 1838இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் முழு உரிமை பெற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலிருந்த நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் அச்சட்டம் பொருந்தாது என விலக்கப்பட்டது. இந்தியாவுக்கு 1843இல் தனிச்சட்டம் வரவேண்டியிருந்தது.

வில்பர்போர்ஸ் மறைந்தபின் அவர் மைந்தர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு 1838இல் வெளிவந்தது. அதில் கிளார்க்சனின் பங்கு மிகவும் தாழ்த்திக் கூறப்பட்டிருந்தது. எழுபத்தெட்டு வயது முதியவர் அந்நாளிலும் தம் பழைய வழக்கத்தையே மேற்கொண்டார். கடிதங்களையும் குறிப்புகளையும் எடுத்து, நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தி மறுப்பு வெளியிட்டார். சில ஆண்டுகள் கழித்து அம்மைந்தர்கள் தம் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தனர்.

1840இல் இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குக் கிளார்க்சன் தலைமை தாங்கினார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சப்போக்கு மாவட்டத்துப் பிளேபோர்டு என்னும் ஊரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் வில்பர்போர்சின் கல்லறைக்கு அருகே அவர் பெயர் பொறித்த கல் ஒன்று 1996இல் பதிக்கப்பெற்றது. ஆப்பிரிக்க மக்களின் கைவினைப் பொருள்களை அடுக்கி, குதிரை வண்டியிலும் படகிலும் அவர் சுமந்து சென்ற பெட்டி, அவர் பிறந்த விஸ்பீச் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.